வாவலும் ஓங்கிலும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் எங்கள் ஊர்க் கோயில் ஒன்றிலே ஒரு கூட்டம் நடந்தது. கோயிலின் பெயர் இங்கு வேண்டா. வல்வெட்டித்துறையிலே கோயில்கள் பல. அவற்றிற் கூடும் கூட்டங்கள் அவற்றினும் பல. அன்றைய விடயம் வடக்கு வீதியில் நிற்கும் இலுப்பை மரம். அதனைத் தறிப்பதா, விடுவதா என்பதே கேள்வி. மரத்தின்மீது ஒருவருக்கும் பகை இல்லை. மரத்திலே தொங்கும் வௌவால்களின்மீதுதான் பகை.

குற்றப்பத்திரிகை நீண்டது. வீதியை அசுத்தப்படுத்துகின்றன, அயல் வளவுகளில் மாம்பழத்தைக் கோதிப் போடுகின்றன, பூசை வேளையிற் கூச்சலிடுகின்றன. இவையெல்லாம் பழைய குற்றங்கள். புதிய குற்றம் ஒன்றும் சேர்ந்திருந்தது: நோயைக் கொண்டு வருகின்றன. இதனைச் சொன்னவர் தம் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். அதிலே ஏதோ ஒரு படம் இருந்தது. தூரத்திலிருந்த எனக்குத் தெரியவில்லை. ஆயினும் எல்லோரும் தலையசைத்தார்கள்.

அப்பொழுது மீன்பிடிச் சம்மாட்டியார் ஒருவர் எழுந்தார்.

“வௌவாலை மட்டும் ஏன் பேசுறியள்? கடலிலை ஓங்கிலும் உப்பிடித்தான். போன கிழமை என்ரை வலையைக் கிழிச்சுப்போட்டுது. அதிலை கை வைக்கச் சட்டம் விடாது. இதை வெட்ட ஆர் தடுக்கிறது?”

சபையிலே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கியபின் தலைவர் என் பக்கம் திரும்பினார். “பண்டிதர் ஐயா ஒன்றும் சொல்லேல்லையே?”

எனக்கு வௌவாலைப் பற்றி அன்று தெரிந்தது மிகச் சிறிது. அதனால் தெரியாதவன் கேட்கும் கேள்வியையே கேட்டேன். “மரத்தில் எத்தனை வௌவால் உண்டு? எவராவது எண்ணியதுண்டோ?” எண்ணியவர் ஒருவரும் இலர். “அப்ப நீங்களே எண்ணிக்கொண்டு வாருங்கோ, ஆவணியிலை முடிவெடுப்பம்” என்றார் தலைவர். அது பாதி கேலி, பாதி தவணை. தவணையை நான் பிடித்துக்கொண்டேன். இலக்கணம் படிப்பிக்கும் ஐம்பது கடந்த ஒருவன் மாலைதோறும் மரத்தடியில் அண்ணாந்து நின்ற வரலாறு இதுதான்.

முதலில் எனக்குப் பழக்கமான இடத்திற் போய்த் தேடினேன், அஃதாவது ஏட்டிலே. சங்கப் புலவர் வௌவாலை ‘வாவல்’ என்றனர். சிறு வௌவால் ஒன்றுக்குத் ‘துரிஞ்சில்’ என்றும் பெயர் உண்டு. நற்றிணையிலே நக்கண்ணையார் பாடிய 87ஆம் செய்யுளில், ஊரிலுள்ள மாமரத்திற் பகலில் உறங்கும் வாவல் ஒன்று, தொலைவிலுள்ள காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவு காண்கிறது. தலைவியின் கனவுக்கு அஃது உவமை. பயின்ற காலத்தில் உவமையைப் படித்தேன், வாவலைப் பார்க்கவில்லை. இப்பொழுது மரத்தடியில் நின்று பார்த்தபோதுதான் அப்புலவர் பார்த்துப் பாடியிருக்கிறார் என்பது தெளிந்தது. உறங்கும் வௌவால் சும்மா இருப்பதில்லை. சிறகால் விசிறும், உடம்பை நக்கும், அயலானோடு சண்டையிடும், பிறகு மறுபடியும் போர்த்துக்கொண்டு தூங்கும். கனவு காண்பதாக எண்ணுவதற்கு இடமுண்டு.

அச்செய்யுளில் வாவல் தூங்கும் உயர்ந்த கொம்புக்கு ‘ஓங்கல்’ என்ற சொல் ஆளப்பட்டிருக்கிறது. எங்கள் கரையில் டொல்பினுக்கு ஓங்கில் என்று பெயர். நீரைவிட்டு ஓங்கி எழுவதால் ஓங்கில் ஆயிற்று என்பது என் ஊகம். பண்டிதர்கள் இத்தகைய ஊகங்களிலே காலங்கழிப்பவர்கள் என்று விஞ்ஞான ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாவலையும் ஓங்கிலையும் சேர்த்து நினைக்க எனக்கு ஒரு சொல் கிடைத்தது. விஞ்ஞானிகளுக்கோ அதனினும் பெரிய காரணம் ஒன்று கிடைத்திருக்கிறது.

இரண்டும் குட்டி ஈன்று பாலூட்டுவன. ஒன்று வானத்திற் புகுந்தது, மற்றது கடலிற் புகுந்தது. இரண்டும் புகுந்த இடத்திலே கண்ணுக்கு வேலை குறைவு. இரவின் இருளிலும் கலங்கிய நீரிலும் வழி தெரிய வேண்டும்; இரை தெரிய வேண்டும். இரண்டும் தனித்தனியே ஒரே உபாயத்தைக் கண்டன. குரல் எழுப்புவது, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, எதிரே நிற்பது இன்னது, இவ்வளவு தூரத்தில் உள்ளது என்று உணர்வது.

இந்த உண்மை எளிதில் வெளிப்படவில்லை. இத்தாலிய நாட்டு அறிஞரான லாசரோ ஸ்பலன்சானி என்னும் குருவானவர் 1793இல் தொடங்கிய சோதனைகளில், கண்ணிழந்த வௌவால்களும் தடையின்றிப் பறப்பதைக் கண்டார். மணிக்கூண்டிலிருந்து பிடித்துக் குருடாக்கி விட்ட வௌவால்களைச் சில நாளிற் பின் மீண்டும் பிடித்துப் பார்த்தார். வயிறு நிறையப் பூச்சி இருந்தது. கொடுமையான சோதனைதான். ஜெனீவாவிலிருந்த லூயி ஜூரீன் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். அது சுவரிலே மோதியது. ஆகவே காதினாற் பார்க்கிறது என்பது அன்றே புலப்பட்டது. ஆனால் வௌவால் பறக்கும்போது மனிதர் செவிக்கு ஒன்றும் கேட்பதில்லையே! கேளாத ஒலியை நம்ப அக்காலத்தவர் ஆயத்தமாக இல்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு அந்த உண்மை தூங்கிக் கிடந்தது. 1938இல் அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டொனால்ட் கிரிஃபின், கழியொலியைப் பிடிக்கும் கருவியின்முன் வௌவாலைக் கொண்டுபோய் நிறுத்தினார். கருவி அலறியது. செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை நாம் கேட்பதில்லை. வௌவால் அதற்கு மேலேதான் பேசிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் படித்து முடித்தவுடன் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எண்ணுவதற்கு என்னோடு வந்த பிள்ளைகளுக்கு இலுப்பை மரத்தைக் காட்டி, “பாருங்கள், இவை காதாற் பார்ப்பவை” என்று ஒரு பிரசங்கமே செய்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி பொறுமையாகக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, உது சின்ன வௌவாலுக்கு. இது பழம் தின்னுற பெரிய வௌவால். இதுக்குக் கண் நல்லாத் தெரியும். கண்ணாலையும் மூக்காலையும்தான் போகுது.”

அவள் சொன்னதே சரி. பெரிய பழவௌவாலுக்கு அந்தக் கழியொலிக் கலை இல்லை. அதன் முகத்தை உற்றுப் பார்த்தாலே விளங்கும்: நரி போன்ற மூஞ்சி, அகன்று விழித்த பெரிய கண். நாற்பது நாள் படித்தவன் நாலு நிமிடம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எண்ணும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தேன்.

எண்ணுவது எளிதன்று. பொழுது பட்டுக் கால்மணி நேரத்தில் மரம் கலையும். பத்து வௌவாலுக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் கிழக்கையும், ஒருவர் தெற்கையும், ஒருவர் கடற்பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் நாள் மூன்று பிள்ளைகள் ஒரே பக்கத்தை எண்ணினார்கள். மூன்று தொகை வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள் அளவில் வேறுபாடு குறைந்தது. கண்ணுக்கும் பயிற்சி வேண்டும் போலும்.

இங்கே மதுரையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் அப்பாற் போக எனக்கு மனம் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தவர் எம். கே. சந்திரசேகரன். 1937இற் பிறந்து 2009இல் மறைந்தவர். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்வது அவர் துறை. பல்கலைக்கழகத்துக்கு அயலிலுள்ள மலைக்குகைகளில் இலைமூக்கு வௌவால்கள் வாழ்கின்றன. குகையின் உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. என்றும் ஒரே இருள், ஏறக்குறைய ஒரே வெப்பம். அவ்வாறாயின் வெளியே பொழுது பட்டதை உள்ளே தொங்கும் வௌவால் எப்படி அறிகிறது?

சந்திரசேகரனும் அவரோடு உழைத்த ஜி. மாரிமுத்து முதலியோரும் ஒரு வௌவாலைக் கூட்டில் அடைத்துக் குகையின் இருளிலேயே வைத்தார்கள். அதன் அயலில் மற்ற வௌவால்கள் வழக்கம்போல மாலையிற் சென்று விடியலில் வந்தன. கூட்டிலிருந்த கைதிக்கு வெளிச்சமே தெரியாது. எனினும் அதன் சிறகடிப்பு நாள்தோறும் அந்தி வேளையிலேயே தொடங்கியது. பிறகு, உறவு எதுவும் இல்லாத குகையில் ஒரு வௌவாலைத் தனியே வைத்தார்கள். அதன் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிச் சென்று, உலகத்தின் பொழுதோடு ஒட்டாமற் போயிற்று. போகும் சுற்றத்தின் ஆரவாரமே இருளிற் கிடந்ததற்குப் பொழுதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. 1981இல் இது வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவிகளின் பெருமையன்று இது. குகைக்குள் நாள்தோறும் தவழ்ந்துபோய் வந்தவர்களின் பெருமை. ஊரடங்கு நாட்களில், விளக்கணைத்த வீட்டிலே, அயல்வீட்டுக் கிணற்றுக் கப்பியின் சத்தத்தைக் கேட்டு விடிந்ததை அறிந்த எங்கள் தலைமுறைக்கு இந்த ஆராய்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

அதே மாரிமுத்து 1988இல், மதுரைக்கு அயலேயுள்ள புளியங்குளம் என்னும் கிராமத்தைப் பற்றியும் எழுதினார். அங்கே ஓர் ஆலமரத்தில் பெரிய வௌவால்கள் வாழ்கின்றன. மரத்தில் முனி உறைகிறது, வௌவால்கள் அதன் காவலில் உள்ளன என்பது ஊரார் நம்பிக்கை. தீண்டுவார் இல்லை. இதே வௌவால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் எலி, காகம் ஆகியவற்றோடு நாசகாரிகளின் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு! சட்டத்தைவிட முனிக்கு அறிவு கூடுதல் என்று எழுதினால் ஆசிரியர் கோபிப்பார், ஆகவே எழுதவில்லை.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்லுதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 1948இல் மேகமலையில் தேயிலைத் தோட்டக்காரரான அங்கஸ் ஹட்டன் ஒரு பழவௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதற்குச் சாதாரண வௌவாலின் பெயர்ச்சீட்டைக் கட்டிப் பெட்டியிலே வைத்துவிட்டார்கள். 24 ஆண்டு கழித்து, 1972இல், தாய்லாந்து நாட்டு அறிஞர் கித்தி தோங்லோங்யா பெட்டியைத் திறந்து பார்த்து, இஃது உலகில் எவரும் அறியாத புதிய இனம் என்று கண்டார். பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயர் அதற்கு இடப்பட்டது. எங்கள் நாட்டிலும் ஏறக்குறைய 30 இன வௌவால்கள் உண்டு. அவற்றில் எத்தனையை நாம் பெயர்சொல்லி அறிவோம்?

நோயைப் பற்றிய அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. மரத்தடியில் நிற்பவன் நானன்றோ. நிபா என்னும் வைரசு 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவிற் பன்றிப் பண்ணைகள் வழியாக மனிதரைத் தாக்கியது. 2018இல் கோழிக்கோட்டில் உயிர்களைக் கொண்டது. அதன் இயற்கையான உறைவிடம் பழவௌவால் என்பது உறுதியான செய்தி. வங்காளதேசத்தில் ஈச்சங்கள்ளு முட்டிகளில் வௌவால் வாய்வைப்பதால் நோய் பரவியது. அதற்கு அங்கே கண்ட வழி என்ன? மரத்தைத் தறிக்கவில்லை; முட்டிக்கு மூங்கிற் தட்டி பின்னிக் கட்டினார்கள். பனை ஊராகிய எமக்கு இது நல்ல பாடம். கடித்த பழத்தை உண்ணலாகாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது. முட்டியை மூட வேண்டும். மரத்தைத் தறித்தால் வௌவால் கடலில் விழுந்து மாளாது. நாலு வளவுகளுக்குப் பிரிந்து போகும்.

இனி ஓங்கிலின் வழக்கு. ஆனி மாதத்தில் ஒருநாள் விடியற்புறம் சம்மாட்டியார் என்னைத் தம் படகில் ஏற்றிக்கொண்டார். “வௌவாலைப் பாத்தது காணும், மற்றக் கள்ளனையும் பாருங்கோ” என்றார். கரை மெல்லிய கோடாகப் போனபின் எஞ்சினை நிறுத்தினார். முதலிற் கேட்டது மூச்சு. ஓங்கில் மீனன்று என்பதை அந்த மூச்சே சொல்லும். ஏழெட்டு முதுகுகள் எழுந்து மறைந்தன. ஒன்றின் விலாவோடு ஒட்டிச் சிறு குட்டி ஒன்று.

ஒலி காற்றைவிட நீரில் நாலரை மடங்கு விரைவாகச் செல்லும். ஓங்கிலின் மூக்குக் குழலிற் பிறக்கும் ஒலி, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரளின் வழியாகக் குவிந்து முன்னே செல்கிறது. எதிரொலியை அது தாடையெலும்பினால் வாங்கிச் செவிக்கு அனுப்புகிறது. 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆதர் மக்பிரைடு என்பவர், கலங்கிய நீரிலும் இருளிலும் ஓங்கில்கள் நுண்ணிய வலையை அறிந்து விலகுவதைக் குறித்து வைத்தார். 1960இல் கெனத் நொரிஸ் ஓங்கிலின் கண்களை இறப்பர்க் கிண்ணங்களால் மூடிப் பார்த்தார். அது தடையின்றி நீந்தியது. அதற்கும் அப்பால் 2010இல் வெளியான ஆராய்ச்சி எனக்கு வியப்பின்மேல் வியப்பு. உட்செவியில் நுண்ணொலியைப் பெருக்கும் புரதம் ஒன்று உண்டு. ஒலியாற் பார்க்கும் வௌவாலிலும் ஓங்கிலிலும் அந்தப் புரதத்தில் ஒரே வகையான மாற்றங்கள் தனித்தனியே நிகழ்ந்திருக்கின்றன. அதனை மட்டும் வைத்து வமிசாவளி எழுதினால் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றுமாம். ஒருவரை ஒருவர் அறியாத இரு புலவர் ஒரே அடியைப் பாடியது போலும்.

இவ்வளவு கூரிய செவி இருந்தும் வலையில் ஏன் மாட்டுகிறது? நான் கேட்டேன். சம்மாட்டியார் கையிலிருந்த நூலைக் காட்டினார். நைலோன் இழை மெல்லியது. அதிலும் சட்டம் தடுத்த தங்கூசி வலை நீரோடு நீராய்க் கிடப்பது. அதிற்பட்டு வரும் எதிரொலி மிகவும் நலிந்தது. ஓங்கில் எப்பொழுதும் ஒலியெழுப்பிக்கொண்டிருப்பதும் இல்லை. சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாது. வலைக்குக் கிழிசல், ஓங்கிலுக்கு உயிர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் ரேவடிக் கரையில் இறந்து கிடந்த ஓங்கிலின்மேல் ஏறிக் குதிரையோட்டிய பிள்ளைகளில் நானும் ஒருவன். அதன் தோல் இறப்பரைப் போல வழுவழுத்திருந்தது இன்றும் கையில் நினைவிருக்கிறது.

சம்மாட்டியார் சொன்ன இன்னொன்றையும் குறிக்க வேண்டும். “கீரிமீன், சூடை எங்கை நிக்குதெண்டு உதுதான் காட்டும். அதையும் சொல்ல வேணுமெல்லே.” குற்றஞ்சாட்டியவரே சாட்சியும் ஆனார்.

கூட்டமாய் வாழ்தல் ஓங்கிற் குலத்துக்கு வலிமை. சில வேளை அதுவே ஆபத்து. அக்குலத்தைச் சேர்ந்த பெரிய கருந்திமிங்கிலங்கள் 1973 தையில் திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டுக் கரையில் 147 ஒதுங்கின. 2016 தையில் அதே பகுதியில் மீண்டும் ஒதுங்கின. 2020 நவம்பரில் எங்கள் நாட்டுப் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒதுங்கியபோது, ஊராரும் கடற்படையினரும் இரவு முழுவதும் நீரில் நின்று அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பினார்கள். ஒன்றின் குரலை விட்டு மற்றது போவதில்லை.

வட இந்தியாவிற் கங்கையில் வாழும் ஓங்கிலுக்குக் கண் ஏறக்குறைய இல்லை. அந்நதியின் சேற்றுநீரில் அது செவியாலேயே வாழ்கிறது. அதனை 2009இல் இந்தியா தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. ஆனால் எத்தனை உண்டு என்று முழுமையாகத் தெரிய மேலும் பல ஆண்டு சென்றது. 28 ஆறுகளில், 8,500 கிலோமீற்றர் படகிற் சென்று எண்ணி, 2025இல் வெளியிட்ட தொகை 6,327. அவற்றுள் மூன்று மட்டும் சிந்துவின் இனம். அந்த மூன்றையும் விடாமல் எண்ணினார்களே என்று படித்தபொழுது, எங்கள் புளியங்கொட்டைப் பையை நினைத்துக்கொண்டேன்.

பெரிய வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஓங்கிலோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று. எலியைப்போலப் பெருகுவன அல்ல. இக்கணக்கையும் எழுதிக்கொண்டுதான் ஆவணிக் கூட்டத்துக்குப் போனேன்.

அங்கே நான் இலுப்பையைப் பற்றி நெடுநேரம் பேசவில்லை. இலுப்பைப்பூ இரவில் விரிவது. அதன் இனிப்பான இதழைக் கவ்வ வரும் வௌவாலே மகரந்தத்தையும் கொண்டு போகிறது. பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவிற் போடுகிறது. என் பாட்டி விடியுமுன் போய் வௌவால் போட்ட கொட்டையைப் பொறுக்கி வந்துதான் எண்ணெய் ஊற்றுவித்தாள். அந்த எண்ணெய் எரிந்ததும் இந்தக் கோயிலில்தான். இவ்வளவே சொன்னேன்.

அப்பொழுது சம்மாட்டியார் மறுபடியும் எழுந்தார். மரத்தை வெட்டச் சொன்னவர் அவரென்பதால் எல்லோரும் காத்திருந்தனர். “எங்கடை அப்புவின்ரை வள்ளத்துக்கு ஏரா இலுப்பை” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. இந்தத் துறையிலே 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற பெயரோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சென்றடைந்தது. அதனை அறியாதவர் அச்சபையில் ஒருவரும் இலர். மரத்தைப் பற்றிய பேச்சு வந்தாற் கப்பல் நினைவு வருவது எங்கள் ஊரின் இயல்பு.

முடிவு முழு வெற்றியன்று. வீதிக்கு மேலே நீண்ட இரண்டு கிளைகள் தறிக்கப்பட்டன. மற்றவை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை நிற்கும். கிளை தறித்த நாளே வௌவால்கள் எழுந்து போய்விட்டன. எங்கே போயின என்று தெரியவில்லை. நானும் அந்த மாணவியும் புரட்டாதி முழுவதும் மாலையில் வந்து நின்றோம். ஐப்பசியில் மழை தொடங்கியது, குடையோடு நின்றோம். வெற்றுக் கிளையை எண்ணுவதற்கு இருவர் வேண்டுமா என்று வழியிற் போனவர்கள் கேட்டார்கள்.

கார்த்திகையில் ஒருநாள், மழை விட்ட மாலையில், கிழக்குக் கொம்பிலிருந்து மூன்று வௌவால்கள் எழுந்து கடற்பக்கமாகப் போயின. பத்துக்கு ஒரு கொட்டை என்பது எங்கள் விதி. மூன்றுக்கு என்ன செய்வது? மாணவி என்னைப் பார்த்தாள். அன்று மட்டும் விதியை மாற்றி, ஒன்றுக்கு ஒன்றாக மூன்று கொட்டையைப் பையிலே போட்டோம்.